பசந்தர் ஆற்றங்கரையில் ஒரு டாங்கி

வீரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் எழும் காட்சி பெரும்பாலும் ஒன்றே. மார்பில் புண்ணும் கையில் வாளுமாகப் பகைவர் நடுவே நிமிர்ந்து நிற்கும் ஒரு மனிதன். புறத்திணை கற்ற மாணவர்க்கு இது நன்கு பழகிய காட்சி. உடலும் உடலும் நேருக்கு நேர் மோதிய அக்காலப் போரில் வீரன் யார், கோழை யார் என்பது ஊரறிய விளங்கிவிடும். இருபதாம் நூற்றாண்டிலோ போர் எந்திரத்தின் கைக்குப் போய்விட்டது. ஐம்பது டன் எடையுள்ள எஃகுக் கூட்டுக்குள் நால்வர் அமர்ந்துகொண்டு, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் வேறோர் எஃகுக் கூட்டைச் சுடுகின்றனர். சுடுபவன் முகத்தைச் சுடப்படுபவன் காண்பதில்லை. இத்தகைய போரில் வீரத்துக்கு இடம் எங்கே உள்ளது? கவசத்துக்குள் ஒளிந்திருப்பவனுக்கு அஞ்சாமை எதற்கு?

தேசிய மாணவர் படையிலுள்ள நண்பர்கள் சிலரே இக்கேள்வியை எழுப்பக் கேட்டிருக்கிறேன். நியாயமான கேள்விதான். இதற்கு விடை காண, 1971ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் காலையில் பசந்தர் என்னும் சிற்றாற்றின் கரையில் நடந்த ஒரு டாங்கிச் சண்டையையும், அதில் உயிர்நீத்த செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால் என்ற இளைஞரையும் சற்று ஊன்றி நோக்குவோம். அவருக்கு அப்போது வயது 21. நம்மில் முதுகலை பயில்வோரின் வயது.

முதலில் டாங்கியைப் பற்றிச் சில சொற்கள். முதல் உலகப் போரில், 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், பிரான்சு நாட்டில் சோம் ஆற்றுப் போர்முனையில் ஆங்கிலேயர்தாம் இவ்வூர்தியை முதன்முதலாகக் களத்தில் இறக்கினர். அதனைக் கட்டிக்கொண்டிருந்த நாளில், இஃது என்ன பொருள் என்பது ஒற்றர்க்குத் தெரிந்துவிடக்கூடாது என்பதற்காகத் 'தண்ணீர்த் தொட்டி' என்று பொருள்படும்படி 'டாங்க்' எனப் பெயரிட்டு அழைத்தனர். மறைப்பதற்காக வைத்த பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது! தொட்டி என்ற பெயர் வேறொரு வகையிலும் பொருத்தமானதே என்பதை உள்ளே அமர்ந்து போரிட்டவர்கள் ஒப்புக்கொள்வர்.

கேத்தர்பால் ஓட்டிச்சென்ற வகை, இங்கிலாந்தில் உருவான சென்சூரியன். அதன் கோபுரத்தின் முகப்பில் எஃகின் கனம் ஏறத்தாழ 6 அங்குலம். கேட்டவுடன் இதனை எதுவும் துளைக்காது என்று தோன்றும். ஆனால் டாங்கியை அழிக்கவென்றே செய்யப்பட்ட குண்டு அந்த எஃகையும் துளைக்கும். பக்கவாட்டிலும் பின்புறத்திலும் எஃகு இன்னும் மெலிந்தது. துளைத்து உள்ளே புகுந்தால் என்ன ஆகும்? உள்ளே அறுபதுக்கு மேற்பட்ட பீரங்கிக் குண்டுகள் அவற்றின் வெடிமருந்தோடு அடுக்கப்பட்டிருக்கும். பின்புறத்தில் எஞ்சினும், நூற்றுக்கணக்கான லிட்டர் எரிபொருளும். சென்சூரியனின் எஞ்சின் பெட்ரோலில் ஓடுவது என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். இவற்றுக்கிடையில்தான் நால்வர் அமர்ந்திருக்கிறார்கள்: முன்புறத்தில் தாழ்வாக ஓட்டுநர், கோபுரத்துள் குறிபார்த்துச் சுடுபவர், குண்டு நிரப்பி வயர்லெஸ் கருவியையும் கவனிப்பவர், எல்லார்க்கும் மேலே தளபதி. ஒருவர் முழங்கால் மற்றவர் முதுகில் இடிக்கும் இடம் அது. தீப்பற்றினால் வெளியேறுவதற்குக் கிடைப்பது சில நொடிகளே. ஆகவே தீப்பிடித்த டாங்கியைக் கைவிட்டு உடனே குதித்துவிடுவது கவசப்படைகளில் கற்பிக்கப்படும் பாடம். அது கோழைத்தனம் அன்று, பயிற்சி.

இன்னொன்றும் உண்டு. டாங்கிக்குள் இருந்தபடியே கண்ணாடி வழியாக வெளியே பார்த்தால் தெரிவது மிகக் குறைவு. புகையும் புழுதியும் சூழ்ந்துவிட்டால் அதுவும் இல்லை. எனவே நல்ல தளபதி எவரும் கோபுரத்தின் மூடியைத் திறந்து, தலையை வெளியே நீட்டித்தான் களத்தைப் பார்க்கவேண்டும். உடலைக் காப்பது எஃகு. தலையைக் காப்பது எதுவுமில்லை. கவசத்துக்குள் ஒளிந்திருப்பவன் என்று நாம் நினைக்கும் மனிதன் உண்மையில் இந்நிலையில்தான் போரிடுகிறான்.

நிற்க. இனி இடத்தைப் பார்ப்போம்.

பதான்கோட்டிலிருந்து ஜம்முவுக்குச் செல்லும் நெடுஞ்சாலை காஷ்மீரத்துக்கு உயிர்நாடி போன்றது. இச்சாலைக்கு மிக அருகே, பாகிஸ்தானின் நிலப்பகுதி ஒன்று இந்திய எல்லைக்குள் புடைத்துக்கொண்டு நிற்கிறது. அதுவே ஷகர்கர். அங்கிருந்து கிளம்பும் ஒரு படை சாலையை அறுத்துவிட்டால் காஷ்மீரம் தனித்துப் போகும். 1971 டிசம்பர் 3ஆம் நாள் மாலையில் மேற்கெல்லையில் போர் மூண்டபோது, இந்தியப் படை தானே முந்திக்கொண்டு ஷகர்கருக்குள் புகுந்தது. எல்லையிலிருந்து உள்ளே செல்லச் செல்லத் தடையாக நின்றவை காவல் நிலைகளைவிடக் கண்ணிவெடி வயல்களே. அடுக்கடுக்காக அவை விதைக்கப்பட்டிருந்தன. ராவியின் துணையாறான பசந்தரின் கரைகளில் அவை மிகுதி.

டிசம்பர் 15ஆம் நாள் இரவு, 54ஆவது காலாட்படை டிவிஷனைச் சேர்ந்த 47ஆவது பிரிகேடு பசந்தரைக் கடந்து அக்கரையில் காலூன்றியது. ஜர்பால் என்ற சிற்றூரை 3ஆவது கிரனேடியர்ஸ் பட்டாலியன் கைப்பற்றியது. பக்கத்திலுள்ள சராஜ் சக்கைப் பிடித்தவர்கள் மதராஸ் ரெஜிமெண்டின் 16ஆவது பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். நீலகிரியின் வெலிங்டனில் பயிற்சி பெற்றுச் சென்ற தென்னாட்டார் மார்கழிக் குளிரில் பஞ்சாபின் ஆற்றைக் கடந்து போரிட்டனர்.

ஆனால் காலாட்படை மட்டும் அக்கரையில் நெடுநேரம் நிற்கமுடியாது. விடிந்ததும் எதிரியின் டாங்கிகள் வந்து அவர்களை ஆற்றுக்குள் தள்ளிவிடும். அதற்குள் நம் டாங்கிகள் ஆற்றைக் கடந்தாகவேண்டும். கடப்பதற்குக் கண்ணிவெடி வயலின் ஊடே பாதை வெட்டியாகவேண்டும். அப்பணியை ஏற்றது 9ஆவது எஞ்சினியர் ரெஜிமெண்ட். இது 'மதராஸ் சாப்பர்ஸ்' என்ற பழம்பெரும் படையின் உறுப்பு. 1780 முதல் வரலாறு கொண்ட அப்படையின் வீரர்களை இராணுவம் முழுவதும் 'தம்பி' என்று நம் மொழிச் சொல்லாலேயே அழைப்பது வழக்கம்.

இருட்டில் மண்ணைத் தடவி, கண்ணிவெடி இருக்குமிடம் உணர்ந்து, அதனை எடுத்து அப்புறப்படுத்தும் வேலையை நினைத்துப் பாருங்கள். கையில் சுடும் கருவி இல்லை. மேலிருந்து எதிரியின் பீரங்கிக் குண்டுகள் விழுந்தபடி உள்ளன. ஓடி ஒளியவும் முடியாது. ஓடினால் அடுத்த அடியில் கண்ணிவெடி. அவ்விரவில் பாதை வெட்டும் பணியை நின்று நடத்திய மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி அந்த வயலிலேயே பீரங்கிக் குண்டுக்கு இரையானார். பின்னர் அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பெற்றது. பசந்தரைப் பற்றிப் பேசுவோர் டாங்கிகளின் முழக்கத்தை விரிவாகச் சொல்லிவிட்டு இந்த இரவை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். பாதை இல்லையேல் டாங்கி இல்லை. மறுநாள் காலை கேத்தர்பாலின் டாங்கி நின்ற இடத்துக்கு அது வந்து சேர்ந்ததே இந்தத் தம்பியர் கைகளால் தடவிய மண்ணின்மீதுதான்.

பாதை முழுவதும் சீராகுமுன்பே அக்கரையிலிருந்து செய்தி வந்தது: எதிரி டாங்கிகளின் நடமாட்டம் கேட்கிறது. 17ஆவது பூனா ஹார்ஸ் ரெஜிமெண்டின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஹனூத் சிங், எஞ்சியிருந்த கண்ணிவெடிகளைப் பொருட்படுத்தாது டாங்கிகளைச் செலுத்த முடிவு செய்தார். டாங்கிகள் இரவோடு இரவாக அக்கரை சேர்ந்தன.

இந்த ரெஜிமெண்ட் 1965ஆம் ஆண்டுப் போரிலேயே பெயர் பெற்றது. அதன் அப்போதைய தலைவர் லெப்டினன்ட் கர்னல் தாராபூர், சியால்கோட் முனையில் காயம்பட்ட பின்னும் களத்தை விட்டு அகல மறுத்துப் போரிட்டு வீழ்ந்து, பரம வீர சக்கரம் பெற்றவர். அத்தகைய மரபுள்ள படையில் அருண் கேத்தர்பால் அதிகாரியாகச் சேர்ந்தது 1971 ஜூன் 13ஆம் நாள். பசந்தரில் அவர் வீழ்ந்தபோது பணியில் சேர்ந்து ஆறு மாதமும் மூன்று நாளுமே ஆகியிருந்தன. போர் நெருங்கியபோது அவர் அகமதுநகரில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சியில் இருந்தார். அங்கிருந்து திரும்ப அழைக்கப்பட்டவர். அவர் குடும்பம் படைத்தொழில் பரம்பரை. தந்தை எஞ்சினியர் பிரிவில் அதிகாரி. பாட்டனார் முதல் உலகப் போரில் போரிட்டவர். ரெஜிமெண்டுக்குப் புறப்பட்ட அருண் தன் கால்ஃப் மட்டைகளையும் விருந்துக்குரிய சீருடையையும் மூட்டையில் எடுத்துச் சென்றார் என்றும், லாகூரில் அவை பயன்படும் என்று சிரித்தார் என்றும் சொல்வர். இருபத்தொரு வயதின் துடுக்கு அது! இந்தத் துடுக்கை மறந்துவிடாமல் மேலே படிக்க வேண்டுகிறேன். ஏனெனில் அடுத்த நாள் காலை நடந்ததில் இதற்கும் ஒரு பங்கு உண்டு, ஆனால் முழுப் பங்கு இல்லை.

டிசம்பர் 16. காலை எட்டு மணி அளவில் ஜர்பாலை நோக்கிப் பாகிஸ்தானின் டாங்கிகள் புகைத்திரையின் மறைவில் முன்னேறின. வந்தவை அமெரிக்காவில் செய்யப்பட்ட பாட்டன் டாங்கிகள். அவற்றைச் செலுத்தி வந்தது 13ஆவது லான்சர்ஸ் என்ற குதிரைப்படை மரபுள்ள ரெஜிமெண்ட். 1947க்கு முன் பூனா ஹார்ஸும் 13ஆவது லான்சர்ஸும் ஒரே இந்திய இராணுவத்தின் அங்கங்களாக இருந்தவை. நாடு இரண்டானபோது படையும் இரண்டாயிற்று. இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து அவை இரண்டும் ஒரு கரும்புக் காட்டோரத்தில் எதிரெதிரே நின்றன.

ஜர்பாலில் நின்ற பூனா ஹார்ஸின் 'பி' ஸ்குவாட்ரன் எண்ணிக்கையில் குறைவு. உதவி வேண்டும் என்று அதன் தலைவர் வயர்லெஸில் கேட்டார். சற்றுத் தொலைவில் 'ஏ' ஸ்குவாட்ரனில் இருந்த கேத்தர்பால் அதனைக் கேட்டவுடன் தானே முன்வந்து தன் டாங்கிகளோடு புறப்பட்டார். வழியில் இன்னும் விழாதிருந்த எதிரியின் காவல் நிலைகளிலிருந்தும் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளிலிருந்தும் குண்டுகள் பாய்ந்தன. சுற்றிக்கொண்டு போக நேரமில்லை. அந்நிலைகளின் மீதே டாங்கிகளை ஏற்றிச் சென்றார். கைத்துப்பாக்கியைக் காட்டியே எதிரி வீரர்களைச் சிறைப்படுத்தினார். இம்மோதலில் அவருடைய அணியின் மற்றொரு டாங்கியின் தளபதி இறந்துபட்டார். கோபுரத்துக்கு வெளியே நீட்டிய தலையைப் பற்றி முன்னர்ச் சொன்னேனே, அதன் பொருள் இதுதான்.

அவர் போய்ச் சேர்ந்தபோது எதிரி டாங்கிகள் முதல் தாக்குதலை முடித்துப் பின்வாங்கிக்கொண்டிருந்தன. கேத்தர்பால் விடவில்லை. அவற்றைத் துரத்தினார். ஒன்றைச் சுட்டு அழிக்கவும் செய்தார். பின்னர் ஸ்குவாட்ரன் தலைவர் அவரைத் திரும்ப அழைத்து வரிசையில் நிறுத்தவேண்டியதாயிற்று. விருதுக்கான அரசின் பாராட்டுரையே, போரின் வெறியில் அவர் அடித்துச் செல்லப்பட்டார் என்ற பொருள்பட இவ்விடத்தை எழுதுகிறது. அரசாங்க ஏட்டில் இவ்வளவு வெளிப்படையான சொல் அரிது.

இதனை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கேத்தர்பாலின் கதையைச் சொல்வோர் பலரும் காலையில் துரத்தியதையும், பின்னர் எரியும் டாங்கியில் நின்றதையும் ஒரே வீரச்செயலின் இரு பகுதிகளாகச் சொல்கின்றனர். என் கருத்தில் இவை முற்றும் வேறானவை. துரத்தியது இளமை. லாகூரில் கால்ஃப் ஆடலாம் என்று சொன்ன அதே இளமை. அதில் துணிவு உண்டு, எண்ணம் குறைவு. இனி வரப்போவது அத்தகையதன்று.

எதிரி படையை ஒழுங்கு செய்துகொண்டு, ஒரு ஸ்குவாட்ரன் அளவான டாங்கிகளோடு மீண்டும் வந்தான். இம்முறை அவன் தேர்ந்துகொண்ட பகுதியில் நின்றவை மூன்றே இந்திய டாங்கிகள். கேத்தர்பாலுடையது ஒன்று; கேப்டன் மல்ஹோத்ராவுடையது ஒன்று; லெப்டினன்ட் அலாவத்துடையது ஒன்று. ஹனூத் சிங், எந்த டாங்கியும் நிற்குமிடத்திலிருந்து பின்வாங்கலாகாது என்று அன்று ரெஜிமெண்ட் முழுமைக்கும் கட்டளை விடுத்திருந்தார் எனப் போர் வரலாறு எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

டாங்கிச் சண்டையில் வெற்றி பெரும்பாலும் முதற்குண்டில் உள்ளது. முதலில் கண்டு, முதலில் தொலைவு கணித்து, முதலில் சுடுபவன் பிழைப்பான். தளபதி இலக்கைக் காட்டவேண்டும். நிரப்புபவர் தக்க குண்டை ஏற்றவேண்டும். சுடுபவர் குறியைக் கூட்டிச் சுடவேண்டும். ஓட்டுநர் அடுத்த கணமே இடம் மாற்றவேண்டும். நால்வருள் ஒருவர் தயங்கினால் நால்வரும் இல்லை. அந்தக் காலையில் இம்மூன்று டாங்கிகளும் தம்மீது வந்தவற்றுள் பத்து டாங்கிகளைச் சுட்டு வீழ்த்தின. அவற்றுள் நான்கு கேத்தர்பாலின் கணக்கு.

ஆனால் மூன்று மூன்றாகவே இருக்கவில்லை. அலாவத்தின் டாங்கி அடிபட்டது, அவர் காயமுற்றார். மல்ஹோத்ராவின் டாங்கியில் பீரங்கி பழுதாகி நின்றுவிட்டது. கேத்தர்பாலின் டாங்கியும் அடிபட்டுத் தீப்பற்றியது, அவரும் படுகாயமுற்றார். டாங்கியைக் கைவிட்டு வெளியேறுமாறு வயர்லெஸில் அவருக்குச் சொல்லப்பட்டது.

இக்கணத்தில் நிலைமை என்ன என்பதை ஒரு கணக்குப் போலப் போட்டுப் பார்ப்போம். மூன்று பீரங்கிகளுள் ஒன்று அழிந்தது, ஒன்று ஊமையானது, மிஞ்சியது ஒன்று. அது எரிந்துகொண்டிருக்கும் டாங்கியில் இருக்கிறது, ஆனால் சுடுகிறது. எதிரியின் டாங்கிகள் பெருமளவு அழிந்தும் எஞ்சியவை நிற்கவில்லை, வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுக்கும் அக்கரைக் காலடிக்கும் இடையே வேறு டாங்கி இல்லை. பின்னால் ஜர்பாலில் கிரனேடியர்கள். சராஜ் சக்கில் மதராஸ் ரெஜிமெண்டார். அவர்கள் பின்னே ஆறு. ஆற்றுக்குப் பின்னே தம்பியர் வெட்டிய ஒற்றைப் பாதை. இந்த ஒரு பீரங்கி அகன்றால் கதவு திறந்துவிடும்.

கேத்தர்பாலின் மறுமொழி சுருக்கமானது. தன் பீரங்கி இன்னும் இயங்குகிறது, ஆகவே டாங்கியைக் கைவிடப் போவதில்லை என்பதே அதன் கருத்து. அதன்பின் வயர்லெஸை நிறுத்திவிட்டார் என்பர். எரியும் டாங்கியிலிருந்து மேலும் ஒரு பாட்டனைச் சுட்டு அழித்தார். அது அவரிடமிருந்து ஏறத்தாழ நூறு மீட்டர் தொலைவே வந்திருந்தது. அடுத்து அவர் டாங்கி இரண்டாம் முறை அடிபட்டது. அதில் அவர் உயிர் பிரிந்தது. எதிரியால் அவ்விடத்தை ஊடுருவிச் செல்ல இயலவில்லை.

அவர் சொன்ன காரணம் ஈண்டு நோக்கத்தக்கது. நாடு, மானம், பழி, புகழ் எதுவும் அதில் இல்லை. பீரங்கி இயங்குகிறது என்ற ஓர் உண்மை மட்டுமே உள்ளது. சினத்தால் நிலைமறந்தவன் காரணம் சொல்வதில்லை, இவர் சொன்னார். பாராட்டுரையும், அவர் அகன்றால் எதிரி ஊடுருவிவிடுவான் என்பதை உணர்ந்தே நின்றார் என்று கூறுகிறது. சற்று முன் வெறியில் துரத்திய அதே இளைஞர், எரியும் கூட்டுக்குள் அமர்ந்து, குளிர்ந்த தலையோடு ஒரு கணக்கை முடித்திருக்கிறார். தன் படை தளர்ந்த நேரத்தில் ஒருவன் தனித்து நின்று எதிர்வருவோரைத் தடுப்பதைப் புறப்பொருள் வெண்பாமாலை 'எருமை மறம்' என்று ஒரு துறையாகவே வகுத்துள்ளது. அசையாது நிற்கும் எருமையைக் கண்டவர்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். பாய்வது புலியின் மறம். நிற்பது எருமையின் மறம். காலையில் ஒன்றும் பின்னர் மற்றொன்றுமாக இரண்டையும் அந்த ஒரே நாளில் காண்கிறோம்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. மேலிடத்துச் சொல்லை மீறியது கட்டுப்பாடின்மை ஆகாதா? படையில் கட்டளைக்குக் கீழ்ப்படிதல்தானே முதல் நெறி? உண்மையில் அன்று அவர்முன் இரண்டு கட்டளைகள் இருந்தன. இடத்தைவிட்டு அகலாதே என்பது ஒன்று. டாங்கியைவிட்டு இறங்கு என்பது மற்றொன்று. முன்னது அக்கரைக் காலடியைக் காப்பதற்கு. பின்னது அவர் உயிரைக் காப்பதற்கு. இரண்டாவதை மீறியதால் இழப்பு அவருக்கே. முதலாவதை மீறியிருந்தால் இழப்பு மற்றவர்க்கு. சொந்தப் பாதுகாப்புக்காகத் தரப்பட்ட விடுதலையை ஒருவன் மறுப்பதற்கும், பிறர் பாதுகாப்புக்காக இடப்பட்ட ஆணையை மறுப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. இராணுவமும் அவ்வாறே கருதியது. நாட்டின் தலையாய பரம வீர சக்கரத்தை அவருக்கு அளித்தது.

ஆயினும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அதனை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. தளபதி நிற்பது என்று முடிவு செய்தால், டாங்கியில் உள்ள நால்வரும் நிற்கவேண்டும். மற்ற மூவரும் தனியே முடிவு எடுக்க இயலாது. சுடுபவர் நாத்து சிங் குறிபார்த்துக்கொண்டே இருந்ததால்தான் கடைசிப் பாட்டன் விழுந்தது. ஓட்டுநர் பிரயாக் சிங் தம் இருக்கையில் இருந்தார். வயர்லெஸ் கருவியைக் கவனித்த சவார் நந்த் சிங் அந்த டாங்கியிலேயே இறந்தார். மற்ற இருவரும் உயிர் தப்பினர். எத்தனை நூல்கள், எத்தனை உரைகள்! அவற்றில் நந்த் சிங் என்ற பெயரை எத்தனை பேர் கேட்டிருப்போம்? டாங்கி ஒரு தனிமனிதனின் குதிரை அன்று. பீரங்கி இயங்குகிறது என்று கேத்தர்பால் சொன்னபோது, அதனை இயக்கிக்கொண்டிருந்த கைகள் அவருடையவை அல்ல.

அன்று மாலையே டாக்காவில் பாகிஸ்தானின் கிழக்குப் படை சரணடைந்தது. மறுநாள், டிசம்பர் 17 இரவு எட்டு மணிக்கு, மேற்கிலும் போர் நின்றது. கேத்தர்பாலின் உடல் சாம்பாவின் அருகே எரியூட்டப்பட்டது. போர் நின்ற செய்தியைக் கேட்டு நாடெங்கும் பெற்றோர் நிம்மதியோடு பிள்ளைகளை எதிர்பார்த்திருந்த நாள்கள் அவை. கேத்தர்பாலின் வீட்டாரும் அவ்வாறே காத்திருந்தனர். மகன் இறந்த செய்தி அவர்களுக்கு எட்டியது டிசம்பர் 26ஆம் நாளன்றுதான்.

'ஃபமகுஸ்தா' என்ற பெயர் தாங்கிய அவரது டாங்கி எதிரியின் கைக்குப் போய்ப் பின்னர்த் திரும்ப வந்தது. செப்பனிடப்பட்டு, அவர் பயிற்சியைப் பாதியில் விட்டுப் புறப்பட்ட அதே அகமதுநகரில் காக்கப்படுகிறது. கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாதெமியின் அணிவகுப்புத் திடல் அவர் பெயரைத் தாங்குகிறது. 2023ஆம் ஆண்டு அந்தமானில் பெயரிடப்பட்ட 21 தீவுகளுள் ஒன்றுக்கும் அவர் பெயர் இடப்பட்டது.

எதிரணியைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் ஆராய்ச்சி ஒருதலைப்பட்சமாகிவிடும். புகைத்திரைக்குப் பின்னிருந்து வந்து, முன்னால் சென்றவை எரிவதைக் கண்ணால் கண்ட பின்னும் மேலும் மேலும் முன்னேறிய 13ஆவது லான்சர்ஸின் டாங்கிகளிலும் நந்நான்கு பேர் இருந்தனர். டிசம்பர் 17ஆம் நாள் விடியலில் ஜர்பாலைத் திரும்பப் பிடிக்கப் பாகிஸ்தானின் 35ஆவது ஃபிராண்டியர் ஃபோர்ஸ் பட்டாலியன் தாக்கியபோது, அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் அக்ரம் ராஜா தாமே தம் படையின் முன் நின்று வந்து கிரனேடியர்களின் நிலைகளுக்கு முன்னால் வீழ்ந்தார். அவருக்கு அந்நாட்டு அரசு ஹிலால்-ஏ-ஜுரத் விருதை வழங்கியது. அவரை எதிர்த்து நின்று காயங்களோடு ஜர்பாலைக் காத்த மேஜர் ஹோஷியார் சிங் நம் நாட்டின் பரம வீர சக்கரம் பெற்றார். ஒரே சிற்றூரின் மண்ணில், இரண்டு நாள்களுக்குள், இரு நாடுகளின் உயர்ந்த வீர விருதுகள் விளைந்தன.

கேத்தர்பாலின் தந்தை எம். எல். கேத்தர்பால் பிரிகேடியராக ஓய்வு பெற்றார். அவரது சொந்த ஊர் இன்று பாகிஸ்தானில் உள்ள சர்கோதா. பிரிவினையால் விட்டுவந்த அந்த ஊரைச் சாகுமுன் ஒருமுறை பார்க்கவேண்டும் என்று 2001ஆம் ஆண்டில், தம் 81ஆம் வயதில், எல்லை கடந்து சென்றார். லாகூரில் அவரைத் தம் வீட்டில் ஏற்று விருந்தோம்பியவர் பாகிஸ்தான் இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பிரிகேடியர் குவாஜா முகம்மது நாசர். மூன்று நாள் அந்த வீட்டில் தங்கினார் முதியவர். வீட்டார் காட்டிய பரிவு அளவுக்கு மிஞ்சியதாகவே அவருக்குத் தோன்றியது. புறப்படுவதற்கு முன்னிரவில் நாசர் அவரிடம் ஒன்று சொல்லவேண்டும் என்று தொடங்கினார். 1971இல் தாம் 13ஆவது லான்சர்ஸில் மேஜராக ஒரு ஸ்குவாட்ரனை நடத்தி வந்ததையும், பசந்தரில் தம் தாக்குதலைத் தடுத்து நின்றது அவர் மகனின் டாங்கியே என்பதையும், அதனை இறுதியாகச் சுட்டவர் தாமே என்பதையும் கூறினார். மகன் மலை போல் நின்றான் என்று தந்தையிடம் நேரில் கண்டு சொன்னவர், அவனைச் சுட்டவரே.